பதினான்கு ஜன்னல்களில் கசிந்த சூடு

காட்டிமட்டத்தில் அந்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள்ளேயே உறைபனி இறங்கிவிட்டது. தேயிலைக் கொழுந்து கருகி, குழாய்த் தண்ணீர் கல்லாகி, ஈரத்துணி கொடியில் தகரம்போல விறைத்துத் தொங்கிய அந்த நாட்களில்தான், சர்ச்சுக்குக் கீழே வளையும் சாலையில், வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவின் முன்னால் மட்டும் இருபதடி அகலத்துக்குச் சித்திரை மாதம் நிற்கிறது என்பதை ஊர் கண்டுகொண்டது. முதலில் கண்டது கோழிகள். அவை கூட்டை விட்டு வந்து அந்த இருபதடிக்குள் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டன. அடுத்து நாய்கள் வந்தன. அதற்கடுத்து டீக்கடை கமால் பாய், ஒரு காலைக் குளிரிலும் மறு காலை வெதுவெதுப்பிலும் வைத்துச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, அன்று மத்தியானமே தன் தள்ளுவண்டியைப் பங்களாவின் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்.

யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. மலையில் ஒரு வளைவில் மேகம் இருக்கும், அடுத்த வளைவில் வெயில் இருக்கும். அதுபோல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் கொடியை அங்கே மாற்றிக் கட்டினார்கள். ஒருத்தி வடகம் பிழிந்து காயவைத்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டு நான்கு வருஷமாகப் படியிறங்காமல் இருந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர் சிங்காரத்தை அவருடைய மகள் அங்கே தூக்கி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஒன்பதாம் நாள் அவர் எழுந்து, வண்டிவரை நடந்து, தானே டீ வாங்கிக் குடித்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தெய்வானை, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட தன் பெண்குழந்தையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து, பங்களாவின் கோடியில் இருந்த ஜன்னலுக்கு நேர்க்கீழே தொட்டில் கட்டினாள். அந்தக் குழந்தை ஒரு சேவலின் எடைகூட இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இனிமேல் சூடு குறையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில், குளிருகிற தன் வீட்டில் சுருண்டுகொண்டே போன குழந்தை, ஜன்னலுக்குக் கீழே கையை நீட்டிச் சோம்பல் முறித்தது.

பங்களாவின் உள்ளேதான் யாராலும் இருக்க முடியவில்லை.

உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். சவரிராயன் இருபத்தாறு வருஷம் லைன்மேனாக இருந்தவர். மலைமுழுக்க இருக்கிற கம்பங்களில் அவர் ஏறாத கம்பம் இல்லை. போன மழைக்காலத்தில் அறுந்த லைனைச் சரிசெய்ய இரண்டு நாள் நனைந்துகொண்டே நின்றதில் நிமோனியா வந்து, ஆளை விட்டுவிட்டு நுரையீரலில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. இவருக்கு மருந்து பாதி, சூடு பாதி என்று டாக்டர் சொன்னார். சமவெளிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டதற்கு, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, மூன்றாவது வளைவைத் தாண்ட மாட்டார் என்றார். தகரக் கூரை போட்ட வீட்டில் அவரை வைத்துக் காப்பாற்ற முடியாதென்றுதான், அவர் மனைவி அமலோற்பவம் இந்தப் பங்களாவுக்குக் காவலிருக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். ஒன்றரை அடிக் கருங்கல் சுவர், மூன்று கணப்படுப்பு. அவள் சுவரைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ஜன்னல்களைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

மொத்தம் பதினான்கு ஜன்னல்கள். எல்லாம் ஆளுயரத் தேக்கு. மேல் பாதியும் கீழ்ப் பாதியுமாக ஏற்றி இறக்குகிற வகை. சட்டத்துக்குள்ளே கயிற்றில் இரும்புக் குண்டுகள் தொங்கும். கண்ணாடி பழைய கண்ணாடி, லேசாக நெளிந்திருக்கும், அதன் வழியே பார்த்தால் சாலையில் போகிறவர்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோலத் தெரியும். நூற்று முப்பது வருஷத்தில் மரம் சுருங்கி, கண்ணாடியைப் பிடித்திருந்த மக்கு உதிர்ந்து, ஒவ்வொரு சட்டமும் ஆடியது. அமலோற்பவம் மூன்று அடுப்பிலும் யூகலிப்டஸ் கட்டையைப் போட்டு எரித்தாள். தீ கொழுந்துவிட்டு எரியும், முன்னால் உட்கார்ந்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருப்பார். கட்டில் பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீரில் ஏடுபோலப் பனி படியும். அவர் பல் கிட்டித்து, நகம் நீலமாகி, நான்கு கம்பளிக்கு அடியில் கிடந்தபடி, வெளியே ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, திருவிழாவா என்று கேட்பார்.

ஆசாரி வேலாயுதன் ஒரு நாள் காலையில் வந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் ஜன்னலாக இடுக்கின் ஓரத்தில் காட்டிக்கொண்டே போனார். புகை எங்கெல்லாம் ஓடி வெளியேறியதோ அங்கெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டார். கடைசி ஜன்னலுக்கு வரும்போது அவருக்குச் சாக்கட்டி தீர்ந்துவிட்டது. சென்னையில் இருக்கிற பங்களாக்காரர் அசல் ஜன்னலில் ஒரு சட்டத்தைக்கூட மாற்றக் கூடாதென்று சொல்லியிருப்பதை அமலோற்பவம் சொன்னாள். மாற்றத் தேவையே இல்லை என்றார் வேலாயுதன்; இந்த மரம் இன்னும் நூறு வருஷம் கிடக்கும், இடுக்கை அடைத்தால் போதும் என்று சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு ஜன்னலைச் செய்து முடித்தார். பழைய மக்கைச் சுரண்டி எடுத்தார். சாக்கட்டித்தூளில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து கண்ணாடியைச் சுற்றி விரலால் அழுத்தினார். இரண்டு பாதியும் சந்திக்கிற இடத்தில் கம்பளித் துணியைப் பட்டையாகக் கிழித்து ஒட்டினார். உள்பக்கம் மரக்கீற்றில் நிறமில்லாத பிளாஸ்டிக் தாளை இழுத்து அடித்து, இரண்டாவது கண்ணாடிபோல நிறுத்தினார். மறுபடி ஊதுபத்தியைக் காட்டியபோது புகை நேராக மேலே போயிற்று.

மறுநாள் காலையில் கமால் பாயின் தள்ளுவண்டி நின்ற இடம் குளிர்ந்து கிடந்தது. அவர் வண்டியை நான்கடி தள்ளி, அடுத்த ஜன்னலுக்கு நேராக நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் முழுக்க அந்த வளைவில் நின்றிருந்தபோது, அமலோற்பவத்துக்கு ஒன்று தோன்றியது. வெளியேதான் சூடு இருக்கிறதே, அவரையே வெளியே கொண்டுவந்தால் என்ன? கேட்டதும் கமால் பாயும் சிங்காரமும் ஓடி வந்து, சவரிராயனைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கினார்கள். வாசற்படியைத் தாண்டும்போதே வெதுவெதுப்பு மெலிந்தது. நாற்காலியைச் சாலையில் இறக்கி வைத்தபோது, சுற்றிலும் இருக்கிற மலை எப்படியோ அப்படியே அந்த இடமும் ஆகிவிட்டது. கிளாசில் டீ ஆடை கட்டியது. தொட்டிலில் குழந்தை கீச்சென்று அழுது, அழுகிற பலமும் போய் வாயை மட்டும் திறந்து மூடியது. சிங்காரம் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் முதலில் ஜன்னல்களைப் பார்த்தார்கள், பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்கள், பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“உள்ள கொண்டுபோயிடலாம் அண்ணி” என்றார் கமால் பாய், மெதுவாக.

கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். கால் மணி நேரத்தில் சாலை மறுபடி சூடாயிற்று. அது அடுப்பின் சூடு இல்லை, லைன்மேனின் உடம்புச் சூடு என்று அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு காட்டிமட்டம் சவரிராயன்மீது வைத்த அன்பைப்போல் ஓர் ஊர் ஒரு மனிதன்மீது வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் ஆட்டுக்கால் சூப் வரும். பதினோரு மணிக்கு முட்டை வரும், மிளகு ரசம் வரும், தேன் வரும், ஒரு வாரத்தில் ஒன்பது கம்பளிகள் வந்தன. காட்டு மரத்தைப் பிளந்து கட்டுக்கட்டாக அடுக்கிவிட்டுப் போனார்கள். மசூதியில் அவருக்காகத் துவா செய்தார்கள், மாரியம்மனுக்கு அவர் பேரில் கூழ் ஊற்றினார்கள், பங்குச்சாமியார் அவர் பெயரைச் சொல்லி மன்றாட்டு வைத்தார். லைன்மேன் அண்ணன் சாப்பிட்டாரா, தூங்கினாரா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவரும் அந்த வளைவைக் கடக்கவில்லை. அவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே அவர் நன்றாக இருக்க வேண்டுமென்று விரும்பினார்கள். ஜன்னலைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. வேலாயுதனுக்கு ஒரு வாரம் சாக்கட்டித்தூள் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் கையில் சிராய்ப்பு, அதற்கடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போன அமலோற்பவத்திடம் அவர் மனைவி, அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லும்போது உள்ளேயிருந்து அவர் தும்மினார்.

அவள் வேறு யாரையும் தேடவில்லை. எண்ணெய் டப்பாவையும் சாக்கட்டித்தூளையும் தானே வாங்கி வந்தாள். பார்த்தது நினைவிருந்தது. இரண்டாவது ஜன்னலுக்கு மூன்று நாள் பிடித்தது; கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது, கை இரண்டு இடத்தில் கிழிந்தது. மக்கு கையில் ஒட்டி நகத்துக்குள் காய்ந்தது. வந்த கம்பளிகளில் நான்கைப் பட்டைபட்டையாகக் கிழித்து இடுக்குகளில் ஒட்டினாள். அடியில் காற்று வருகிற இடத்துக்குச் சேலைத் துணியில் நீளமாகப் பை தைத்து, மணலை நிரப்பி, ஜன்னல் கட்டைமீது படுக்கவைத்தாள். மூன்றாவது ஜன்னல் முடிந்தபோது கொடியில் துணி விறைத்தது. ஐந்தாவது முடிந்தபோது கோழிகள் எழுந்து போயின. ஏழாவது ஜன்னலின்போது கமால் பாய் வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார்; போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் மறுநாளும் சூப் வந்தது.

ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடிப் பேசினார்கள். அமலோற்பவத்தை வரச்சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம், ஆறு ஜன்னலை மட்டும் விட்டுவிடு என்றார் ஒருவர். பகலில் திறந்து ராத்திரி மூடலாம் என்றார் இன்னொருவர். எப்படியும் அவர் இந்த மார்கழியைத் தாண்ட மாட்டார் என்று டாக்டரே சொல்லியிருப்பதாக யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள், சொன்னவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் அதட்டி அடக்கினார்கள், அடக்கிய வேகத்தில் எல்லோருமே அதை முன்பே நினைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து, அவர் உங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் மழையில் வந்து லைட் எரிய வைத்தவர் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்து, அடுப்பில் வெந்நீர் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த முறை ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது நான்கு ஜன்னல்களின் மக்கு சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. மணல் பைகள் கிழிக்கப்பட்டுத் தரையெல்லாம் மணல். கதவருகே சூடான சூப் பாத்திரம் தட்டு போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே சவரிராயனின் உதடு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. அவள் அவர் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, யார் வந்தது என்று கேட்டாள். சிங்காரம் வந்ததாக அவர் சொன்னார். சுரண்டும்போது முழுக்க அழுதுகொண்டே இருந்தான், பாவம், நடக்க ஆசை அவனுக்கு என்றார்.

அவள் அன்றிலிருந்து வெளியே போகவில்லை. உப்பில்லாமல் சமைத்தாள், நான்கு ஜன்னல்களையும் மறுபடி செய்தாள், எட்டு, ஒன்பது, பத்து என்று போனாள். மார்கழி இருபதாம் தேதி பதின்மூன்று முடிந்தது. மீதியிருந்தது அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த ஜன்னல், கீழே தெய்வானையின் தொட்டில் இருந்த ஜன்னல். பதின்மூன்றையும் அடைத்த பிறகு அவருடைய சூடு முழுக்க அந்த ஒன்றின் வழியாகவே ஓடியது. தொட்டிலுக்கு மேலே சுவரில் பாசி உதிர்ந்து, கருங்கல் தொட்டால் சுட்டது. கட்டிலில் அவர் மூச்சு நூல்போல ஆகிவிட்டது.

அவள் மக்கைப் பிசைந்து கையில் எடுத்துக்கொண்டு நின்றபோது அவர் அவள் முந்தானையைப் பிடித்தார்.

“இந்த ஒண்ண விட்டுடு அமலம்.”

“முடியாதுங்க.”

“அந்தப் பிள்ளை பச்ச மண்ணு.”

“அப்ப நீங்க எனக்கு யாரு?” என்று கேட்டாள் அவள். அவர் கையை எடுத்துவிட்டார்.

அவள் ஜன்னலின் கீழ்ப் பாதியை ஏற்றிக் குனிந்து பார்த்தாள். தெய்வானை தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். உள்ளே பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் கெஞ்சவில்லை. இன்று எத்தனை மணிக்கு அடைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள், அதுவரைக்குமாவது தூங்கட்டும் என்று.

அமலோற்பவத்தின் கையில் இருந்த மக்கு தரையில் விழுந்தது. பிறகு அவள் ஜன்னல் வழியே இரண்டு கையையும் நீட்டினாள்.

“குடு. நீயும் சுத்தி வா. கதவு திறந்திருக்கு.”

குழந்தையின் துணியை எல்லாம் கழற்றி, சவரிராயனின் சட்டையைத் திறந்து, அவருடைய எலும்பு தெரிகிற மார்பின்மேல் குப்புறப் படுக்கவைத்து, மேலே கம்பளியைப் போர்த்தினாள். பிறகு திரும்பி, பதினான்காவது ஜன்னலை இறக்கி, சுற்றிலும் மக்கை வைத்து அழுத்தினாள். தெய்வானை ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டாள். கடைசி இடுக்கில் புகை ஒருமுறை வளைந்து, தயங்கி, நிமிர்ந்தது. வெளியே சாலையில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. அவ்வளவுதான், காட்டிமட்டத்தில் எல்லா இடமும் ஒன்றாகிவிட்டது.

உள்ளே சூடு நின்றது. இரண்டாம் நாள் அவருடைய நகம் சிவந்தது. நான்காம் நாள் கம்பளியைத் தள்ளிவிட்டார். கண்ணாடிகளில் உள்பக்கமாக வியர்வை பூத்து வழிந்தது. குழந்தை பகல் முழுக்க அவர் மார்பில் கிடந்து, பால் குடிக்க மட்டும் தாயிடம் போய்த் திரும்பும். இருமல் வந்தால் அது எழுந்துவிடும் என்று அவர் தொண்டையிலேயே இருமலை அடக்கிக் கண்ணில் நீர் வரக் கிடப்பார். லைன் போடுகிறபோது பாடுகிற பாட்டை அதற்குப் பாடிக் காட்டினார். ஒரு சேவல் எடை இரண்டு சேவல் எடை ஆயிற்று.

வெளியே என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். சூப் வருவது நின்றது. சிங்காரம் மறுபடி நடக்கவில்லை. தை பிறப்பதற்கு முன்பே, ஒரு காலையில், கட்டிலிலேயே இறந்துபோனார். பங்களாவுக்கு முன்னால் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அமலோற்பவம் கதவைத் திறந்து படியில் நின்றாள். தூக்கியவர்கள் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவள் உள்ளே வந்து, சவரிராயனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னாள். அவர் வெகு நேரம் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மாசி பத்தாம் தேதி மத்தியானம், குழந்தையைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தூங்குகிறேன் என்று சொன்னவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு இல்லை, நாடி இல்லை. டாக்டர் வந்தார். குழலை மார்பில் வைத்துக் கேட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார், பிறகு நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எழுத எடுத்த பேனாவை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். உடம்பு சூடாக இருந்தது. சாயங்காலம் வந்தும் சூடாக இருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும், வெயிலில் வைத்த பித்தளைப் பானையைப்போல இருந்தது. சூடு இருக்கிற உடம்பை மண்ணுக்குள் வைக்கத் தன்னால் முடியாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். வெட்டிய குழியில் பனி விழுந்து நிரம்பியது. அமலோற்பவம் மூன்று நாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த நிமிஷமும் கண் திறப்பார் என்று உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கன்னத்தில் தோல் தளர்ந்து ஒதுங்குவதைப் பார்த்தாள்.

“அவருக்குப் போக வழியில்லக்கா” என்றாள் தெய்வானை. “நாமதான் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கோம்.”

அவள் தெய்வானையை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே கொண்டுபோய் அலமாரியில் இருந்த சுரண்டுகத்தியை எடுத்தாள்.

காய்ந்த மக்கு கல்லாக இருந்தது. அவள் தலைமாட்டு ஜன்னலில் தொடங்கினாள். மக்கைச் சுரண்டினாள், பிளாஸ்டிக் தாளைக் கிழித்தாள், கம்பளிப் பட்டையை உருவினாள், கீழ்ப் பாதியைப் பிடித்து முழு பலத்தோடு மேலே ஏற்றினாள். அப்போது அவளுடைய முடியையும் சேலையையும் விலக்கிக்கொண்டு சூடு வெளியே போயிற்று. இரண்டாவதைத் திறந்தாள், மூன்றாவதைத் திறந்தாள். சத்தம் கேட்டு ஊர் திரண்டது. ஆனால் அன்று ஒருவரும் பங்களாவின் அருகே வரவில்லை. கமால் பாய், வேலாயுதன், சிங்காரத்தின் மகள், எல்லோரும் சாலையின் அந்தப் பக்கம், புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த சரிவில், சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் பனி உருகித் தார் பளபளத்தது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குளிரில் அவர்கள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

ஏழாவது ஜன்னலைத் திறந்துவிட்டு அமலோற்பவம் கட்டிலுக்கு வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு பாதியாகியிருந்தது. அவள் கத்தியோடு வாசலுக்கு வந்தாள். விரல்களில் ரத்தம் இருந்தது. எதிரே நின்ற அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“வந்து நில்லுங்க” என்றாள். “வீணாப் போகுது.”

சொல்லிவிட்டு எட்டாவது ஜன்னலைத் திறக்க உள்ளே போனாள்.